கடலோர மாளிகைக்கு எந்தத் துணி: உயர்தர உள்ளலங்காரத்தில் நீடித்த துணித் தேர்வு குறித்த ஓர் ஒப்பீடு

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் ஒரு பெரிய வீட்டையோ, பத்துப் பதினைந்து அறைகள் கொண்ட விடுதியையோ உயர்தரத்தில் அமைக்க முனைபவருக்குக் கல், மரம், விளக்கு எல்லாம் முடிவான பிறகு எஞ்சி நிற்கும் கேள்வி துணி பற்றியது. சோபாவுக்கு எது, சன்னலுக்கு எது, தரைக்கு எது என்பதோடு, சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்ததாகவும் இருக்க வேண்டும் என்ற விருப்பமும் இப்போது சேர்ந்துகொள்கிறது. கடையில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஓர் இழையின் பெயராகவே இருக்கும்: இயற்கைப் பருத்தி, ஐரோப்பிய லினன், மூங்கில் பட்டு, பாட்டிலிலிருந்து மறுசுழற்சி செய்த பாலியஸ்டர். இழையின் பெயரை வைத்து முடிவெடுப்பதைவிட, துணி எந்த இடத்தில் இருக்கப்போகிறது, அங்கே வெயிலும் உராய்வும் ஈரமும் எவ்வளவு, பழுதானால் அதைக் கழற்றித் துவைக்கவோ மாற்றவோ முடியுமா என்பவற்றை வைத்து முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து.

ஒப்பிடுவதற்கான அளவுகோலைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். இழைகளின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரு கிலோ பொருளை உற்பத்தி செய்வதற்கான சுமையையே அளக்கின்றன. ஹிக் குறியீடு என்ற புகழ்பெற்ற பட்டியலில் பட்டு மிக மோசமான இடத்தையும் பாலியஸ்டர் நல்ல இடத்தையும் பெற்றது இந்தக் கணக்கினால்தான். அந்தக் குறியீட்டின் தரவுகளைக் கொண்டு துணிகளை விளம்பரப்படுத்துவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் என்று நார்வே நாட்டின் நுகர்வோர் ஆணையம் 2022-இல் அறிவித்தது. உள்ளலங்காரத் துணிக்கு இந்தக் கிலோக் கணக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும். மூன்று பேர் அமரும் ஒரு சோபாவுக்கு ஏறத்தாழ 12 முதல் 14 மீட்டர் துணி தேவைப்படுகிறது. அது இருபது ஆண்டு உழைக்கிறதா, நான்கே ஆண்டுகளில் குப்பைக்குப் போகிறதா என்பதில் உண்டாகும் வேறுபாடு, பருத்திக்கும் லினனுக்கும் இடையிலான வேறுபாட்டைவிடப் பெரியது. அதோடு, செல்வர் வீடுகளில் துணி கிழிந்து வெளியேறுவது அரிது. கறை போகவில்லை, ஒரு பக்கம் வெளுத்துவிட்டது, அலுத்துவிட்டது என்ற காரணங்களுக்காகவே அது வெளியேறுகிறது.

சோபாவிலிருந்து தொடங்கலாம். இருக்கைத் துணியின் உழைப்பை அளக்க மார்டின்டேல் என்ற உராய்வுச் சோதனை உலகெங்கும் வழக்கில் உள்ளது. கம்பளித் துணியால் திரும்பத் திரும்பத் தேய்த்து, எத்தனையாவது சுற்றில் நூல் அறுகிறது என்று பார்ப்பார்கள். வீட்டுக்கு 15,000 முதல் 25,000 சுற்று வரை தாங்கினால் போதும் என்பதும், விடுதி வரவேற்பறை போன்ற இடங்களுக்கு 30,000 அல்லது 40,000-க்கு மேல் வேண்டும் என்பதும் பொதுவான நடைமுறை. துணி வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்காமல் மாதிரித் துண்டைத் தடவிப் பார்த்து மட்டும் முடிவு செய்கிறவர்கள் இன்னும் ஏராளம்.

முதல் தெரிவு, கரூர், சென்னிமலை போன்ற ஊர்களின் கெட்டியான பருத்தி. பாவும் ஊடையும் நெருக்கமாக அமைந்த கனத்த நெசவாக இருந்தால் வீட்டுப் பயன்பாட்டுக்கு அது தாராளமாகப் போதும். சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல் ஈரத்தை உள்வாங்கும் என்பதால், குளிரூட்டி இல்லாத பிற்பகலிலும் உடம்பில் ஒட்டாது. நெசவுக்கு மின்சாரம் வேண்டாம் என்பது கைத்தறியின் சிறப்பு. ஆனால் துணியின் மொத்தச் சுமையில் நெசவின் பங்கைவிடச் சாயமேற்றுதலின் பங்கே பெரிது என்பதால், கைத்தறி என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தூய பொருள் என்று கருதிவிடக் கூடாது. கைத்தறித் துணியில் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. அகலம் பெரும்பாலும் 48 அங்குலத்துக்குள் நின்றுவிடுவதால் நீண்ட சோபாவின் முதுகில் தையல் கூடும். நெசவு தளர்வாக இருந்தால் தையலோரத்தில் நூல் நழுவி இடைவெளி விடும். முன்கூட்டியே நனைத்துச் சுருக்காத துணி முதல் சலவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடும். இவற்றில் கடைசியானதைத் தவிர்ப்பது எளிது: வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் ஒருமுறை துவைத்துவிட வேண்டும். தையற்காரர் முணுமுணுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, லினன். பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளின் கடலோர வயல்களில் ஆளிச்செடி பெரும்பாலும் மழைநீரிலேயே வளர்கிறது. அறுத்த தண்டுகளை வயலிலேயே பரப்பி, பனியிலும் மழையிலும் ஊறவிட்டு நாரைப் பிரிக்கிறார்கள். பயிரிடும் கட்டத்தில் இதைவிடத் தூய்மையான இழையைக் காண்பது கடினம். ஆனால் அந்த நாரில் பெரும்பகுதி சீனாவுக்கும், ஒரு பகுதி இந்தியாவுக்கும் கப்பலேறி வந்துதான் நூலாகிறது. ஐரோப்பிய லினன் என்ற முத்திரை நார் விளைந்த இடத்தைச் சொல்கிறதே தவிர, நூற்ற இடத்தையோ சாயமிட்ட இடத்தையோ சொல்வதில்லை. இருக்கைத் துணியாக லினனுக்கு இருக்கும் குறை, அதன் இழை மடங்கி நிமிர்வதைத் தாங்காது என்பதாகும். குஷனின் முன்விளிம்பிலும் கைப்பிடியின் முனையிலும் நூல் முதலில் முறியும். கசங்கலை அழகாகக் கொள்ளும் மனம் இருந்தால் மட்டும், அதிகம் பயன்படாத அறைகளில் லினன் சோபா பொருந்தும்.

மூன்றாவது, கம்பளி. வெப்பநாட்டில் கம்பளி இருக்கையா என்று சிரிப்பவர்களிடம், அது தன் எடையில் பதினாறு சதவீதம் ஈரத்தை உள்வாங்கியும் தொடுவதற்கு உலர்வாகவே இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் நன்னா டிட்செல் 1965-இல் வடிவமைத்த ஹாலிங்டால் என்ற துணி, எழுபது பங்கு கம்பளியும் முப்பது பங்கு விஸ்கோசும் (தாவரக் கூழிலிருந்து எடுக்கும் இழை) கலந்தது. மார்டின்டேல் சோதனையில் ஒரு இலட்சம் சுற்றுகளைத் தாங்குகிறது. அறுபது ஆண்டுகளாக உற்பத்தியில் இருக்கிறது. அதே துணி அதே பெயரில் கிடைத்துக்கொண்டே இருப்பதால், பழுதான ஒரு குஷனுக்கு மட்டும் புதுத்துணி போட முடிகிறது. விடுதி நடத்துபவருக்கு இது பெரிய வசதி. கம்பளி எளிதில் தீப்பற்றாது, உருகிச் சொட்டாது என்பதும் பொது இடங்களுக்கு முக்கியமானது. தீத்தடுப்புக்காகத் துணியின் முதுகில் பூசப்பட்டுவந்த புரோமின் சேர்மங்களில் ஒன்றான டெக்காபிடிஇ 2017-இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. கம்பளிக்கு அத்தகைய பூச்சின் தேவை குறைவு. இதன் எதிர்ப்பக்கத்தில் நிற்பது அந்துப்பூச்சி. ஆண்டில் எட்டு மாதம் பூட்டிக்கிடக்கும் கடற்கரை வீட்டில் கம்பளி சோபா போடுவது பூச்சிக்கு விருந்து வைப்பதுதான். நாள்தோறும் ஆட்கள் புழங்கி, குளிரூட்டி ஓடி, வாரந்தோறும் உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்யப்படும் விடுதிக் கூடத்துக்கு அது முதல்தரம்.

நான்காவது, மறுசுழற்சி பாலியஸ்டர். இதைப் பற்றிச் சொல்லப்படும் நல்லதும் கெட்டதும் இரண்டுமே மிகைதான். பாட்டிலைத் திரும்பப் பாட்டிலாக்குவது சாத்தியம் என்றிருக்க, அதைத் துணியாக்கிவிட்டால் பயணம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. பருத்தியோடு கலந்து நெய்துவிட்டால் பிரிப்பது இன்னும் கடினம். மறுபுறம், பாலியஸ்டர் உடைகள் ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகளை நீரில் விடுகின்றன என்ற குற்றச்சாட்டு, சலவையே காணாத சோபாவுக்கு அதே கடுமையோடு பொருந்தாது. இதில் எனக்கு உண்மையாகவே பிடித்தது, இழையை வார்க்கும்போதே நிறமியைக் கரைசலில் சேர்த்துவிடும் முறை. தனியாகச் சாயத்தொட்டி தேவைப்படாததால் நீர் மிச்சமாகிறது. நிறம் இழையின் உள்வரை இருப்பதால் வெயிலில் நெடுநாள் நிற்கிறது. கடலைப் பார்த்த திறந்த தாழ்வாரத்திலும் நீச்சல்குளத்து இருக்கைகளிலும் பருத்தியைப் போட்டு ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி எறிவதைவிட, இத்தகைய பாலியஸ்டரைப் போட்டுப் பத்தாண்டு விட்டுவைப்பதே நேர்மையான தெரிவு. இயற்கை இழை மட்டுமே என்று சபதம் எடுத்தவர்கள் இந்த ஒரு இடத்திலாவது அதைத் தளர்த்தலாம்.

ஆக, குடும்பம் வாழும் வீட்டின் சோபாவுக்கு, கழற்றக்கூடிய உறையாகத் தைத்த கனத்த பருத்தியையே நான் பரிந்துரைப்பேன். சட்டத்தின் மேல் ஆணியடித்து இறுக்கிய துணியை மாற்ற வேண்டுமானால் சோபாவே பட்டறைக்குப் போக வேண்டும். உறையாக இருந்தால் ஒரு நாள் சலவையோடு முடிந்துவிடும். உறை என்றாலே மலிவு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. விளிம்புக்குப் பைப்பிங் வைத்து, அடிப்பாகத்தில் நாடாவோ கொக்கியோ கொடுத்து அளவாகத் தைத்த உறையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கறைபடாத பூச்சு கூடுதல் விலைக்குச் சேர்த்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், அதில் ஃப்ளூரின் சேர்மம் உண்டா என்று கேட்க வேண்டும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ் 2009-லும் பிஎஃப்ஓஏ 2019-லும் ஸ்டாக்ஹோம் பட்டியலில் இடம்பெற்றவை. கழற்றித் துவைக்க முடிகிற துணிக்கு அந்தப் பூச்சே தேவையில்லை.

சன்னல் திரையில் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே உராய்வு இல்லை, வெயில்தான் எதிரி. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்தாலும், நீண்ட அலைகளை உள்ளே விட்டுவிடுகிறது. உயர்தரம் என்றாலே பட்டுத் திரை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: இயற்கை இழைகளில் வெயிலுக்கு மிக விரைவாக இற்றுப்போவது பட்டுதான். தூரத்திலிருந்து பார்த்தால் மாற்றம் தெரியாது; திரையின் முன்னோர மடிப்பை விரலால் இலேசாக இழுத்தால் பாவு நூல் மட்டும் நீளவாக்கில் பிளந்து நிற்கும். கனத்த லைனிங் இருந்தால் தாமதமாகும், தவிராது. பட்டு வேண்டுமென்றால் வெயில் விழாத சுவரில், படுக்கையின் தலைமாட்டுப் பலகையில், சிறு குஷன்களில் வைத்துக்கொள்ளலாம். கூட்டுப்புழுவைக் கொல்லாமல் எடுக்கும் அகிம்சைப் பட்டு, நூற்று நெய்வதால் சற்று மங்கலான, முரட்டுப் பளபளப்பு கொண்டது. இன்றைய உள்ளலங்கார ரசனைக்கு அந்த மங்கலே பொருத்தமாகவும் இருக்கிறது.

லினன் தன் முழு அழகையும் காட்டுவது திரையில்தான். சோபாவில் அதற்குப் பகையான விறைப்பே இங்கே நீண்ட மடிப்புகளாக விழுகிறது. ஆனால் கடலோரத்தில் ஒரு சிக்கல் உண்டு. காற்றின் ஈரம் ஏறி இறங்குவதற்கேற்ப லினன் நீண்டும் சுருங்கியும் போவதால், மூன்று மீட்டர் உயரத் திரையின் அடிவிளிம்பு மழைக்காலத்தில் ஓரிடத்திலும் கோடையில் வேறிடத்திலும் நிற்கும். தரையை மயிரிழை அளவில் தொட்டு நிற்க வேண்டும் என்று வற்புறுத்தும் வடிவமைப்பாளருக்கு இது தீராத தலைவலி. தரையில் நான்கைந்து சென்டிமீட்டர் படிந்து கிடக்கும்படி தைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. அல்லது அடி மடிப்பை அகலமாக விட்டு, ஒரு பருவம் கடந்த பிறகு இறுதியாகத் தைக்கலாம். துணியின் அளவையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: 2.4 மீட்டர் அகலச் சன்னலுக்கு நிறைவான மடிப்பு வேண்டுமானால் இரண்டரை மடங்கு, அதாவது 6 மீட்டர் அகலத் துணி வேண்டும். விலை மிகுந்த லினனை மடிப்புக் குறைத்துத் தைப்பதைவிட, வாயில் (voile), மல் போன்ற மெல்லிய கரூர்ப் பருத்தித் துணியைத் தாராளமாக மடித்துத் தொங்கவிடுவது கண்ணுக்கும் நல்லது, பைக்கும் நல்லது. கேட்க வேண்டிய எண், ஒளிக்கு நிறம் நிற்கும் திறன்: 1 முதல் 8 வரையிலான அளவில் திரைக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது, மேற்குச் சன்னலுக்கு ஆறு வேண்டும். சாயமே ஏற்றாத இயல்பு நிறத் துணியைத் தேர்ந்தெடுத்தால் மங்குவதற்கென்று சாயம் இருக்காது.

சாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு உண்டு. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியதையும், கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் அறிந்தவர்களுக்கு, துணி விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது என்று தெரியும். எந்தப் பட்டறையில் சாயமேறியது, அங்கே கழிவுநீர் எங்கே போகிறது என்பதே அது. இயற்கைச் சாயம் என்றால் தானாகவே தீங்கற்றது என்பதும் சரியல்ல. கடுக்காயும் படிகாரமும் கொண்டு நிறத்தைப் பிடிக்கவைத்தால் நல்லது. குரோமிய உப்பைக் கொண்டு பிடிக்கவைத்தால் அது செயற்கைச் சாயத்துக்கு எந்த வகையிலும் மேலானதல்ல. விழுப்புரம் மாவட்டத்தில் இன்றும் விளையும் அவுரியின் நீலமும், மஞ்சிட்டியின் சிவப்பும் நம்பத்தக்கவை. மஞ்சள் கிழங்கின் சாயத்தை வெயில் படும் துணியில் நம்பக் கூடாது.

செயற்கைச் சாயத்தையும் சீராகச் செய்ய முடியும் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் ரோனர் நெசவாலையில் 1990-களில் நடந்த முயற்சி சான்று. அமெரிக்காவின் டிசைன்டெக்ஸ் நிறுவனத்துக்காக கட்டடக் கலைஞர் வில்லியம் மெக்டொனா, வேதியியலாளர் மைக்கேல் பிரவுன்கார்ட் இருவரும் கம்பளியும் ராமி என்ற செடியின் நாரும் கலந்த ஓர் இருக்கைத் துணியை உருவாக்கினார்கள். சீபா-கைகி என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் 1,600 சாயங்களைச் சலித்ததில், தீங்கற்றவை என்று கொள்ள அவர்கள் வகுத்த விதிகளுக்குள் அடங்கியவை 16 மட்டுமே. அந்தப் பதினாறைக் கொண்டு கறுப்பைத் தவிர மற்ற நிறங்களை எல்லாம் உண்டாக்க முடிந்தது. முன்பு அபாயக் கழிவாகக் கணக்கிடப்பட்ட வெட்டுத்துண்டுகள், பிறகு தோட்டங்களில் மூடாக்காக இடும் பொருளாயின. ஆழ்ந்த கறுப்பு வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கலாம்.

தரைக்கு வருவோம். இங்கேதான் உயர்தரம் என்ற பெயரில் மிகுதியான ஏமாற்று நடக்கிறது. மூங்கில் பட்டு என்று விற்கப்படும் பளபளப்பான கம்பளம் விஸ்கோசே. மூங்கில் கூழை நச்சுத்தன்மை கொண்ட கார்பன் டைசல்ஃபைடில் பதப்படுத்தி எடுத்த இழை. இப்படிப்பட்ட துணிகளை மூங்கில் என்று விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009 முதல் நடவடிக்கை எடுத்துவருகிறது. விஸ்கோசின் வலிமை நனைந்தால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒரு குவளை தண்ணீர் கொட்டினாலே பளபளப்புப் போய், முடிகள் ஒட்டிக்கொண்டு, வட்டமாக ஒரு கறை நிற்கும். கடற்கரை வீட்டில், ஈரக்காலோடு குழந்தைகள் ஓடும் கூடத்தில் இதை விரிப்பது வீண்செலவு. டஃப்டட் எனப்படும் கம்பளமும் ஏறக்குறைய அப்படித்தான்: நூலை அடித்துணியில் குத்திச் செருகி, பின்புறம் ரப்பர்ப் பசை பூசி ஒட்டுகிறார்கள், வெப்பத்தில் அந்தப் பசை காய்ந்து தூளாக உதிரும், சிலவற்றில் வாடையும் வரும், செப்பனிடவும் முடியாது. திருப்பிப் பார்த்தால் பின்புறம் துணி ஒட்டியிருக்கும். முடிச்சுகள் கண்ணில் படாது.

கையால் முடிச்சிட்ட கம்பளிக் கம்பளம் வேறு இனம். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர் வட்டாரத்தில் முடிச்சிடப்படும் நல்ல கம்பளத்தைத் தலைமுறைக்கும் பயன்படுத்தலாம், ஓரம் அவிழ்ந்தால் மறுபடி முடியலாம், தண்ணீரில் கழுவலாம். குழந்தை உழைப்பு இல்லை என்பதற்கு, கைலாஷ் சத்யார்த்தி 1994-இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கி இன்று குட்வீவ் என்று அறியப்படும் முத்திரையைப் பார்க்கலாம். விலையும் அந்துப்பூச்சியும் தடையென்றால், ஈரோடு மாவட்டத்தின் பவானி ஜமக்காளத்தைக் கூச்சமில்லாமல் உயர்தர அறையில் விரிக்கலாம் என்பேன். கல்யாண வீட்டில் பந்திக்கு விரித்துப் பழகிய கண்ணுக்கு அதன் தகுதி தெரிவதில்லை. இருபுறமும் ஒரே தோற்றம் என்பதால் திருப்பிப் போட்டு இரு மடங்கு காலம் பயன்படுத்தலாம், சுருட்டித் துவைக்கலாம், பசை இல்லை, அடித்துணி இல்லை. வழக்கமான பளிச்சென்ற பட்டைகளுக்குப் பதிலாக இரண்டே நிறங்களில், அறையின் அளவுக்கு நெய்து தரச் சொன்னால், ஆத்தங்குடித் தரையின் மேலும் கடப்பைக் கல்லின் மேலும் அது கம்பீரமாக அமரும். புவிசார் குறியீடு பெற்ற பொருள்தான் என்றாலும், சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்பனையாவதால், பவானியின் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களிலோ கோ-ஆப்டெக்சிலோ வாங்குவது பாதுகாப்பு.

படுக்கை விரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்கடி துவைக்கும் பொருள் என்பதால் வெள்ளைப் பருத்தியே போதும். நூல் எண்ணிக்கை 300-ஐத் தாண்டிச் சொல்லப்படும் எண்கள் பெரும்பாலும் முறுக்கிய இழைகளைத் தனித்தனியாக எண்ணிக் காட்டும் வித்தை.

சான்றிதழ்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பது மீதமிருக்கிறது. ஓகோ-டெக்ஸ் 100 என்பது முடிந்த துணியில் தீங்கான வேதிப்பொருள் எச்சம் உண்டா என்று மட்டும் சோதிக்கிறது. பருத்தி எப்படி விளைந்தது, ஆறு என்ன ஆனது என்பவற்றைப் பற்றி அது பேசுவதில்லை. ஜி.ஓ.டி.எஸ் எனப்படும், இயற்கை வேளாண் துணிகளுக்கான உலகத் தர முத்திரை வயலிலிருந்து சாயப்பட்டறை வரை தொடர்கிறது. இயற்கை வேளாண் இழை 95 சதவீதம் இருந்தால் ஒரு தரம், 70 சதவீதம் இருந்தால் அடுத்த தரம். ஆனால் 2020-இல் இந்தியாவில் ஏறத்தாழ 20,000 டன் பருத்தி போலிச் சான்றுகளோடு விற்கப்பட்டதை அந்த அமைப்பே கண்டறிந்து அறிவித்தது. எனவே ஆலையின் சுவரில் தொங்கும் பொதுச் சான்றிதழைக் காட்டினால் போதாது. நாம் வாங்கும் அந்தச் சரக்குக்கு உரிய பரிவர்த்தனைச் சான்றிதழைக் கேட்க வேண்டும். சில நூறு மீட்டர் வாங்கும் விடுதிக்கு ஏற்றுமதி ஆலைகள் அதைக் கொடுக்கும். இருபது மீட்டர் வாங்கும் வீட்டுக்காரருக்கு அது கிடைப்பது அரிது. அவர் நெசவாளரையோ சாயப்பட்டறையையோ நேரில் சென்று பார்ப்பதே மேல், கரூரும் பவானியும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தூரம்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஆர்டர் கொடுக்கும்போது தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு துணியை அதே சாயத் தொகுப்பிலிருந்து வாங்கி, பருத்தித் துணியில் சுற்றி இருட்டில் வைத்துவிட வேண்டும். அடுத்த தொகுப்பின் நிறம் ஒருபோதும் இம்மியும் மாறாமல் அமையாது. கைத்தறியிலும் இயற்கைச் சாயத்திலும் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். மூன்றாம் ஆண்டில் ஒரு குஷனில் மை கொட்டும்போது, சோபா முழுவதையும் மாற்றுவதா, ஓர் உறையை மட்டும் தைப்பதா என்பதை எடுத்துவைத்த அந்தத் துணிதான் முடிவு செய்யும்.